லாகர் டப்பாவுக்குக் கூடுதல் ஹாப்ஸ்: எப்போது, எவ்வளவு, எந்தச் சூட்டில்

வீட்டில் லாகர் (குளிர்ந்த நிலையில் நொதிக்கவைக்கும் பீர்) எடுப்பதற்காகக் கடையில் வாங்கும் 1.7 கிலோ பாகு டப்பாவில் கசப்புக்குப் பஞ்சமில்லை. இல்லாதது மணம். அந்த மணத்தைக் கூடுதல் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூக்கூம்பு) சேர்த்துக் கொண்டுவர முடியும் என்று பலரும் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் ஹாப்ஸைச் சேர்ப்பதற்கு முன்னால் வேறு மூன்று காரியங்களைச் சரிசெய்ய வேண்டும் என்பதும், சேர்க்கும் நேரமும் சூடும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதும் பல கலன்கள் பீர் எடுத்த பிறகே எனக்குப் புரிந்தன. மெல்பர்னின் இந்தக் குளிர்காலத்தில் எடுத்த பீர் நான் நினைத்த இடத்துக்கு வந்துவிட்டது. பொன்னிறம், நல்ல நுரை, மூக்கருகே கொண்டுபோனதும் எழும் மூலிகை மணம், குடித்து முடித்ததும் நாக்கைச் சுத்தமாக விட்டுப்போகும் கசப்பு. அதை எப்படி எடுத்தேன் என்பதை அளவுகளோடும் செலவோடும் எழுதிவைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்காக வீட்டில் பீர் தயாரிக்கலாம். விற்கக் கூடாது, உரிமம் இல்லாமல் சாராயம் வடிக்கக் கூடாது. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் தயாரிப்பதும் குற்றம். அங்கிருந்து படிப்பவர்கள் இதைப் படிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டப்பாவில் இருப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புக் கரைசலை, கசப்புக்கான ஹாப்ஸையும் சேர்த்து, நீரை ஆவியாக்கிப் பாகாக்கியிருக்கிறார்கள். மூடியின் அடியில் ஒரு சிறிய ஈஸ்ட் பொட்டலம் இருக்கும். பாகை வெந்நீரில் கரைத்து, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, 23 லிட்டராக நீர் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவினால் பீர் ஆகிவிடும். குறை சொல்ல முடியாத எளிமை. ஆனால் நீர் ஆவியாகும்போது ஹாப்ஸின் வாசனை எண்ணெய்களும் கூடவே போய்விடுகின்றன. கசப்பு மட்டும் பாகில் தங்குகிறது.

ஹாப்ஸ் கூம்பைப் பிரித்துப் பார்த்தால் இதழ்களின் அடியில் மஞ்சள் தூள் இருக்கும். கசப்புக்கான ஆல்ஃபா அமிலமும் மணத்துக்கான எண்ணெயும் அந்தத் தூளில்தான் உள்ளன. ஆல்ஃபா அமிலம் நீண்ட நேரம் கொதித்தால்தான் உருமாறிக் கசப்பைத் தரும். எண்ணெயோ கொதியில் சில நிமிடங்களிலேயே ஆவியாகிவிடும். ரசத்தை நுரை கட்டும்போதே இறக்கிக் கொத்தமல்லி தூவுகிறோமே, அதே கணக்குத்தான் இங்கும்: கசப்பு வேண்டுமானால் முதலில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும், மணம் வேண்டுமானால் இறக்கிய பிறகு போட வேண்டும். டப்பாவில் முதல் வேலையை ஆலை ஏற்கெனவே முடித்துவிட்டது. நமக்கு மிச்சமிருப்பது இரண்டாவது வேலை மட்டும்.

இதைக் காகிதத்தில் படித்திருந்தாலும் கையால் செய்தபோது வேறு வழிகளில்தான் நுழைந்தேன். முதலில், டப்பாப் பாகையே பெரிய பாத்திரத்தில் கரைத்து, 25 கிராம் சாஸ் (Saaz, செக் நாட்டு ஹாப்ஸ் வகை) போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். சாஸில் ஆல்ஃபா அமிலம் 3 முதல் 4 சதவீதம்தான். ஆனாலும் ஒரு மணி நேரக் கொதி, கணக்குப்படி சுமார் 10 கசப்பு அலகுகளை (பீரின் கசப்பை அளக்கும் IBU) கூட்டிவிடும். ஏற்கெனவே கசப்பூட்டிய பாகின் மேல் இது ஏறியதால் பீர் தொண்டையைப் பிடித்தது. செறிவான பாகு நீண்ட நேரம் கொதித்ததால் நிறமும் செம்பழுப்பாகிவிட்டது. மணம் சுத்தமாக இல்லை. அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் செலவழித்த நேரத்துக்குக் கிடைத்தது நிறம் கறுத்த, கசப்பு மிகுந்த ஒரு பீர்.

அடுத்து, கொதிக்கவிடுவதையே விட்டுவிட்டு, நொதித்தல் அடங்கியதும் 30 கிராம் கேலக்ஸியை நேராகக் கலனுக்குள் போட்டேன். ஆஸ்திரேலிய ஹாப்ஸ் வகைகளில் பேர்பெற்றது கேலக்ஸி. விக்டோரியா மாநிலத்தின் மர்ட்டில்ஃபோர்டு பக்கமும் தாஸ்மேனியாவின் புஷி பார்க்கிலும் ஹாப்ஸ் தோட்டங்கள் இருப்பதால் இங்கே புதிய சரக்காகக் கிடைக்கும். பேஷன் பழமும் பீச்சும் கலந்த அதன் மணம் பேல் ஏலில் (லாகரைவிடக் கூடுதல் சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீர்) அற்புதமாக இருக்கும். லாகரில் அது உட்காரவில்லை. மேலே பழ வாசனை, கீழே நீர்த்துப்போன உடம்பு (வாயில் உணரும் பீரின் கனம்) என்று இரண்டும் தனித்தனியாக நின்றன. அது பிப்ரவரி மாதம் வேறு. கராஜுக்குள் 26 டிகிரி. டப்பாவோடு வந்த ஈஸ்ட் அந்தச் சூட்டில் தன் பங்குக்கு ஆப்பிள் வாசனையைச் சேர்த்திருந்தது.

மூன்றாவது வழி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. சாஸையே 50 கிராம் எடுத்து, மெல்லிய துணிப்பையில் கட்டி, நொதித்தல் முடிந்த கலனில் போட்டுவிட்டு, பாட்டிலில் அடைக்கும் வரை, கிட்டத்தட்ட இரண்டு வாரம், அப்படியே விட்டுவைத்தேன். திறந்தபோது மணம் நிறைய இருந்தது. என் மனைவியின் தம்பி ஒரு வாய் குடித்துவிட்டு, "அத்தான், வாசனை பிரமாதம். ஆனால் விழுங்கிய பிறகு பச்சைப் புல் வாடை நிற்கிறது" என்றான். அவன் சொன்னது சரி. மணத்தைத் தரும் எண்ணெய்கள் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே பெரும்பாலும் பீரில் இறங்கிவிடுகின்றன. அதற்கு மேல் ஊற ஊற, இலைப் பகுதியின் துவர்ப்பும் பச்சை வாடையும்தான் இறங்குகின்றன. சாஸ் போன்ற ஆல்ஃபா குறைந்த வகைகளில் மணத்துக்காக அதிக எடை போட வேண்டியிருப்பதால் இலைச் சக்கையும் அதிகம். ஆகவே இவ்வகைகளை நீண்ட நாள் ஊறவிடவே கூடாது.

இதற்குப் பிறகு ஹாப்ஸை ஓரமாக வைத்துவிட்டு அடிப்படையைப் பார்த்தேன். ஹாப்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அடியில் இருக்கும் பீர் பழ வாடையோடும் சர்க்கரைத் தண்ணீர்போலவும் இருந்தால் அது எடுபடாது. கேலக்ஸி போன்ற கனத்த மணம் குறைகளை மறைத்தாலும் மறைக்கும். சாஸ் மெல்லிய மணம்; அது எதையும் மறைக்காது. ஆகவே முதலில் ஈஸ்ட், அடுத்து சூடு, மூன்றாவதாகச் சர்க்கரைக்குப் பதில் மால்ட் (முளைகட்டிய பார்லியின் சாரம்), அதன் பிறகே ஹாப்ஸ் என்று வரிசையை மாற்றினேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் இந்த வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்: பல லாகர் டப்பாக்களில் பெயர்தான் லாகர், மூடிக்கு அடியில் இருப்பது 20 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் ஏல் ஈஸ்ட். அதைச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு, சாஃப்லாகர் டபிள்யூ 34/70 என்ற லாகர் ஈஸ்ட் பொட்டலங்கள் இரண்டு வாங்கினேன். ஒன்று 11.5 கிராம். ஜெர்மனியின் வைஹன்ஸ்டெஃபானிலிருந்து வந்த வகை அது. குளிர்ந்த கரைசலில் போடுவதானால் 21 லிட்டருக்கு ஒரு பொட்டலம் போதாது. ஈஸ்ட் திணறித் தொடங்கும், தொடங்கும் வரை மற்றக் கிருமிகளுக்கு இடம் கிடைக்கும். இரண்டுக்கும் 18 டாலர். மொத்தச் செலவில் பெரிய பங்கு இது, ஆனால் இந்தப் பணத்தில் கைவைக்க எனக்கு மனம் வராது.

சூடு: ஜூலையில் எங்கள் கராஜ் 10 முதல் 14 டிகிரிக்குள் இருக்கும். சும்மா வைத்தாலே லாகர் ஆகும் என்று தோன்றும். ஆனால் நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும். கலனுக்குள் சூடு வெளியே உள்ளதைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக ஏறிவிடுகிறது. அதனால் 50 டாலருக்குப் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றை வாங்கித் தட்டுகளைக் கழற்றினேன். அதன் மின்சாரத்தை நிறுத்தித் திறக்கும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி 60 டாலர். கருவியின் உணர்முனையைக் கலனின் வெளிச்சுவரில் டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் மடித்த துணியை வைத்துக் கட்டினேன். இப்படிச் செய்யாவிட்டால் அது ஃபிரிட்ஜின் காற்றைத்தான் அளக்கும், பீரை அளக்காது. ஃபிரிட்ஜும் கருவியும் வருடக்கணக்கில் உழைக்கும் என்பதால் இந்தக் கலனின் கணக்கில் சேர்க்கவில்லை.

தண்ணீருக்கு மெல்பர்னில் அதிகம் மெனக்கெட வேண்டாம். யாரா மலைத்தொடரின் பாதுகாக்கப்பட்ட காடுகளிலிருந்து வரும் மென்னீர் இது. 1842-இல் யோசெஃப் க்ரோல் இன்றைய செக் நாட்டின் பில்ஸன் நகரில் முதல் பொன்னிற லாகரை எடுத்தபோது அவருக்கு வாய்த்ததும் மிக மென்மையான நீர்தான். மென்னீரில் கசப்பு முரட்டுத்தனமாக ஏறாது. குளோரின் மட்டும் போக வேண்டும், இல்லையென்றால் பீரில் மருந்துக்கடை வாடை வந்துவிடும். முந்தின நாளே 16 லிட்டரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கிருமிநீக்கி போட்டுக் கழுவிய கேன்களில் ஊற்றி அதே ஃபிரிட்ஜில் 4 டிகிரிக்குக் குளிரவைத்தேன். இந்தக் குளிர்நீர் அடுத்த நாள் பெரிய உதவியாக இருந்தது.

இனி அடுப்படி வேலை. மூன்று லிட்டர் நீரில் 300 கிராம் வெளிர் மால்ட் தூளைக் கரைத்துக் கொதிக்கவைத்தேன். வெறும் நீரிலேயே ஹாப்ஸைக் கொதிக்கவைக்கலாம்தான், நானும் அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். சாறு கரடுமுரடாக இறங்கியது. ஹைட்ரோமீட்டரில் (கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கருவி; வெறும் நீருக்கு 1.000) 1.040 அளவுக்கு மால்ட் இருந்தால் சாறு மென்மையாக வருகிறது. மால்ட் தூளைக் கொட்டும்போது அடுப்பை அணைத்துவிட்டுக் கொட்டுங்கள். ஆவியில் பட்டால் கட்டி தட்டும். கொதியில் விழுந்தால் நுரை பொங்கி அடுப்பெல்லாம் பிசுபிசுக்கும்.

முதல் பங்கு: 15 கிராம் சாஸ், பத்து நிமிடக் கொதி. 21 லிட்டர் பீரில் இது இரண்டு மூன்று கசப்பு அலகுதான் கூட்டும். நாக்குக்கு ஹாப்ஸின் சுவை தெரிய அது போதும். பிறகு அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தொட்டியில் நிற்கும் குளிர்நீரில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தேன். தெர்மாமீட்டர் 80 டிகிரி காட்டியதும் வெளியே எடுத்து, இரண்டாம் பங்காக 30 கிராம் சாஸ் போட்டு, மூடி, இருபது நிமிடம் விட்டேன். 80 டிகிரியில் ஆல்ஃபா அமிலம் மிக மெதுவாகத்தான் உருமாறும், எண்ணெயும் அவ்வளவாகப் பறக்காது. மணம் கரைசலில் இறங்கும், கசப்பு ஏறாது. இந்த ஒரு படிதான் என் பீரை மாற்றியது. மூடியைத் திறந்தபோது சமையலறை முழுக்கப் பரவிய வாசனை, காய்ந்த மூலிகையும் மிளகும் லேசான பூவும் கலந்தது. கொதியில் போட்டிருந்தால் அந்த வாசனை வீட்டுக்குக் கிடைத்திருக்கும், பீருக்குக் கிடைத்திருக்காது.

ஹாப்ஸ் இங்கே பெரும்பாலும் பெல்லட்டாகத்தான் வருகிறது: கூம்புகளைப் பொடித்து அழுத்திய பச்சை நிறக் குறுந்துண்டுகள். நீர் பட்டதும் சேறாகக் கரைந்து பல மடங்கு உப்பும். இறுக்கிக் கட்டிய துணிப்பையில் போட்டால் நடுவில் இருப்பவை நனையாமலே கிடக்கும். அதனால் தளரவே போட்டுவிட்டுப் பிறகு வடிகட்டினேன். டீ வடிகட்டி ஒரே நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். மாவு சலிக்கும் அகலச் சல்லடையின் மேல் மல்மல் துணி விரித்தால் வேலை நடக்கும். துணியைப் பிழியாதீர்கள், சக்கையின் துவர்ப்பு முழுவதும் கூடவே வரும். அரை லிட்டர் கரைசல் சக்கையோடு போகத்தான் செய்யும், போகட்டும்.

வீட்டில் நாய் இருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். ஹாப்ஸ் நாய்களுக்கு விஷம். உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம். ஈரச் சக்கையில் இனிப்பு வாடை இருப்பதால் நாய் தேடிப் போய்த் தின்னும். தோட்டத்து உரக்குழியில் கொட்டாமல், உறையில் கட்டி மூடியுள்ள தொட்டியில் போட்டேன். பக்கத்து வீட்டு நாய் வேலியைத் தாண்டி வருவது வழக்கம்.

நொதிகலனில் டப்பாப் பாகையும் மீதி 700 கிராம் மால்ட் தூளையும் இரண்டு லிட்டர் வெந்நீரில் கரைத்தேன். பாகைக் கொதிக்கவிடவில்லை. வடிகட்டிய ஹாப்ஸ் கரைசலை அதில் ஊற்றி, குளிர்நீரால் 21 லிட்டராக்கினேன். டப்பாவில் 23 லிட்டர் என்று போட்டிருக்கும். இரண்டு லிட்டர் குறைத்ததில் உடம்பு கூடியது. ஹைட்ரோமீட்டர் 1.042 காட்டியது. கலவை 17 டிகிரியில் இருந்தது. மூடி போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை 12 டிகிரிக்கு இறங்கியதும் ஈஸ்ட்டைத் தூவினேன். கலன், கரண்டி, ஹைட்ரோமீட்டர், சல்லடை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநீக்கியில், லிட்டருக்கு 1.5 மில்லி கலந்து, நனைத்த பிறகே தொட்டேன். ஈஸ்ட் பொட்டலத்தின் வெளிப்புறத்தைக்கூட நனைத்துத்தான் வெட்டினேன்.

லாகர் ஈஸ்ட் அமைதியாக வேலை செய்யும். ஏல்போல மறுநாளே ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) படபடக்காது. இரண்டாம் நாள் வரை அசைவே தெரியாவிட்டால் பதற வேண்டியதில்லை. நடுவில் அழுகிய முட்டை வாடை வந்தது. கந்தக வாடை அது, லாகர் ஈஸ்ட்டின் இயல்பு. கரியமில வாயு அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு வாரத்தில் அடர்த்தி 1.018-க்கு இறங்கியதும் கருவியை 17 டிகிரிக்கு ஏற்றினேன். ஈஸ்ட் வேலையின் நடுவே விட்டுப்போகும் வெண்ணெய் வாடையை, சூடு கிடைத்தால் அதுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். வாடை போய்விட்டதா என்று பார்க்க ஒரு சின்ன வழி உண்டு: கொஞ்சம் பீரைச் சிறு கண்ணாடிப் புட்டியில் மூடி, வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறவிட்டு முகர வேண்டும். வெண்ணெய் மிட்டாய் வாடை வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். இந்த முறை வரவில்லை. அடர்த்தி 1.011-இல் நின்றது.

கடைசிப் பங்கு 20 கிராம் சாஸ், குளிர்நிலையில். கருவியை 14 டிகிரிக்கு இறக்கி, மூடியைக் கொஞ்சம் மட்டும் திறந்து, பெல்லட்டுகளைத் தளரவே கொட்டி உடனே மூடினேன். மூன்று நாள், அதற்கு மேல் இல்லை. இங்கே ஒரு விஷயம் எனக்குப் புதிது: ஹாப்ஸ் போட்ட பிறகு அடர்த்தி 1.011-இலிருந்து 1.009-க்கு இறங்கியது. ஹாப்ஸிலேயே சில நொதிகள் இருக்கின்றன. ஈஸ்ட்டால் தின்ன முடியாமல் மிஞ்சிய நீள்சர்க்கரைகளை அவை உடைத்துக் கொடுக்க, ஈஸ்ட் மறுபடி தொடங்கிவிடுகிறது. இரண்டு புள்ளிதானே என்று நினைக்கக் கூடாது. அது பாட்டிலுக்குள் நடந்தால், நாம் போடும் சர்க்கரையின் வாயுவோடு இன்னொரு பங்கு வாயு சேரும். கண்ணாடிப் பாட்டில் வெடிக்க அது போதும். அடுத்தடுத்த நாள் அளந்து, 1.009 அசையாமல் நின்ற பிறகே குளிர்விக்கத் தொடங்கினேன். கூடுதல் ஹாப்ஸ் போடும் எவரும் இந்த அளவீட்டைத் தவிர்க்கக் கூடாது.

2 டிகிரிக்கு இறக்கி மூன்று நாள் வைத்ததில் ஹாப்ஸ் சேறும் ஈஸ்ட்டும் மண்டியாகக் கலனின் அடியில் அமர்ந்தன. குழாயைத் திறந்து முதலில் வந்த கலங்கலைத் தனியே பிடித்துக் கொட்டினேன். 750 மில்லி பாட்டிலுக்கு 6 கிராம் சர்க்கரை. பாட்டிலின் அடிவரை நீளும் நிரப்புக் குழாயால் அடியிலிருந்து நிரப்பினால் பீர் சலசலக்காது. சலசலத்தால் காற்று கலக்கும். காற்றுதான் ஹாப்ஸ் மணத்துக்கு முதல் எதிரி. இரண்டாவது எதிரி வெளிச்சம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் மேல் வெயில் பட்டால் வேதிமாற்றம் நடந்து நாற்றமடிக்கும். ஹாப்ஸ் கூடக் கூட இந்த ஆபத்தும் கூடும். பழுப்பு நிற பிளாஸ்டிக் பாட்டில்களைத்தான் பயன்படுத்தினேன். பச்சைப் பாட்டிலோ வெள்ளைப் பாட்டிலோ வேண்டாம். பிளாஸ்டிக்கில் இன்னொரு வசதி, கையால் அமுக்கிப் பார்த்தே வாயு ஏறியதைத் தெரிந்துகொள்ளலாம்.

25 பாட்டில் கிடைத்தன. செலவு இப்படி: டப்பா 18 டாலர், மால்ட் தூள் 14, ஈஸ்ட் 18, 100 கிராம் சாஸ் உறை 12 டாலர், அதில் 65 கிராம் பயன்படுத்தியதால் 8 என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை 1. மொத்தம் 59 டாலர், பாட்டிலுக்கு 2 டாலர் 36 சென்ட். டப்பாவை அதன் பொட்டலத்தோடும் சர்க்கரையோடும் மட்டும் செய்திருந்தால் பாதிக்கும் குறைவாகவே ஆகியிருக்கும். ஆனால் இதை அதனோடு ஒப்பிடுவது நியாயமில்லை. செக் நாட்டிலிருந்து வரும் பில்ஸ்னரின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும். மதுவின் அளவு, பாட்டில் சர்க்கரையையும் சேர்த்து, 4.7 சதவீதம் அளவில் வருகிறது.

மிஞ்சிய 35 கிராமைக் காற்றை அழுத்தி வெளியேற்றி, அதே உறையில் இறுக்க ஒட்டி, உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். அறைச்சூட்டில் கிடந்த ஹாப்ஸில் பழைய பாலாடைக்கட்டி வாடை வந்துவிடும். வாங்கும்போதே உறையில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். வடகோளத்தில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை நடக்கிறது; ஆகவே ஜூலையில் இங்கே கிடைக்கும் சாஸ் முந்தைய ஆண்டுச் சரக்காகத்தான் இருக்கும். அதற்கும் முந்தையது என்றால் வாங்க வேண்டாம். தெற்கே பிப்ரவரி, மார்ச்சிலேயே அறுவடை. நியூசிலாந்தின் மோட்டுவேக்கா வகை ஹாப்ஸை ஜூலையில் வாங்கினால் சில மாதங்களே ஆன புதுச்சரக்கு. அதன் வம்சத்தில் சாஸ் இருக்கிறது; கூடவே எலுமிச்சை மணம். ஆல்ஃபா 7 சதவீதம் அளவில் இருப்பதால் கொதியில் போடும் பங்கைப் பாதியாக்க வேண்டும்.

சுவை பற்றி. இரண்டு வாரம் 18 டிகிரியில் வாயு ஏற்றி, பிறகு ஃபிரிட்ஜுக்கு மாற்றினேன். மூன்றாம் வாரம் திறந்ததில் மணம் முன்னால் நின்றது, உடம்பு கொஞ்சம் முரடு. ஆறாம் வாரம் உடம்பு பட்டாகிவிட்டது, மணமும் இருந்தது. அதுதான் உச்சம். பத்தாம் வாரம் பீர் கண்ணாடிபோலத் தெளிவாகவும் மிருதுவாகவும் இருந்தது, ஆனால் சாஸின் பூமணம் மங்கி மூலிகை வாசம் மட்டும் மிஞ்சியது. லாகருக்குக் குளிரில் கிடக்கும் காலம் வேண்டும். ஹாப்ஸ் மணத்துக்கோ நாள் ஆக ஆக இறக்கம்தான். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

இதற்கு அடுத்த கலனில் ஒரு வழி பார்க்கப்போகிறேன். நொதித்தல் முடிந்ததும் ஹாப்ஸ் போடாமல், மண்டியிலிருந்து பிரித்து, 2 டிகிரியில் மூன்று வாரம் கலனிலேயே குளிரவைக்க வேண்டும். உடம்பு பட்டான பிறகு 14 டிகிரிக்கு ஏற்றி, மூன்று நாள் சாஸ் போட்டு, அடர்த்தி நின்றதும் பாட்டிலில் அடைக்க வேண்டும். மணம் கடைசியாக ஏறுவதால், குடிக்கத் தொடங்கும் வாரத்தில் அது புதிதாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஈஸ்ட் ஓய்ந்திருப்பதால், மூடியைத் திறக்கும்போது நுழையும் காற்றைத் தின்ன ஆள் இருக்காது. அதற்காகப் பெல்லட்டுகளோடு 20 கிராம் சர்க்கரையையும் கரைத்து ஊற்றலாம் என்று இருக்கிறேன். ஈஸ்ட் எழுந்து அந்தச் சர்க்கரையோடு காற்றையும் எடுத்துக்கொள்ளும், வாயு எழும்பி மேற்பரப்பை மூடிக்கொள்ளும். 80 டிகிரிப் பங்கை 30 கிராமிலிருந்து 40 ஆக்குகிறேன். கலனில் போடும் 20 கிராமைக் கூட்டப்போவதில்லை. துணிப்பை வேண்டாம். இரண்டு ஈஸ்ட் பொட்டலமும் 12 டிகிரியும் அப்படியே இருக்கும்.